தனிமையா, கூட்டமா? - போதையில் ஞானம் தேடுவோர் பற்றி

 



மேல்நாடுகளில் நெடுநாளாக ஒரு தர்க்கம் நடந்து வருகிறது. மதியை மயக்கும் சில காளான்களையும் மருந்துகளையும் ஆன்மிக நாட்டத்தோடு உண்பவர்கள், அவற்றைத் தனித்திருந்து உண்பது மேலா, நாலு பேர் சூழ இருந்து உண்பது மேலா என்று வாதிடுகிறார்கள். "நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். படிப்புக்கும் பிழைப்புக்குமாகக் கடல் கடந்து போன நம் வீட்டுப் பிள்ளைகளின் காதிலும் இப்பேச்சு விழுகிறது. "தனியே உண்டால் கல்வத்து, கூடி உண்டால் திக்ரு ஹல்கா, ஸூபியாக்கள் தேடியதும் இதைத்தானே?" என்று இனிக்க இனிக்கச் சொல்லவும் ஆளிருக்கிறது. மார்க்கத்தின் பெயரால் வரும் பேச்சாதலால் மார்க்கத்தைக் கொண்டே பதில் சொல்ல வேண்டும்.

முதலில் அவர்கள் கண்டதைப் பார்ப்போம். மெக்ஸிகோ நாட்டு மலையூரில் மரியா ஸபீனா என்ற மூதாட்டி நோயாளிகளுக்காக இரவில் காளான் சடங்கு நடத்தி வந்தார். 1955-ல் அதில் கலந்துகொண்ட அமெரிக்கர் கார்டன் வாஸன் 1957-ல் பத்திரிகையில் எழுத, ஞானம் தேடி அந்த ஊருக்குக் கூட்டம் திரண்டது. ஊரின் அமைதி போயிற்று. 1962-ல் பாஸ்டன் நகரில், பெரிய வெள்ளியன்று, கிறிஸ்தவ வேதக் கல்வி பயிலும் மாணவர் இருபது பேரை ஒரு சிற்றாலயத்தில் அமர்த்திப் பாதிப் பேருக்குக் காளானின் சத்தைக் கொடுத்துச் சோதித்தார்கள். பலர் மெய்சிலிர்த்ததாகச் சொன்னார்கள். ஆனால் அவர்களில் ஒருவர் நிலைதடுமாறி வெளியே ஓட, அவரைப் பிடித்து வந்து ஊசி போட்டு அடக்க வேண்டியதாயிற்று. இந்தச் செய்தி பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. இன்று அந்நாட்டு ஆராய்ச்சிக் கூடங்களில் உண்பவரைக் கண்கட்டிப் படுக்க வைத்துப் பக்கத்தில் இருவர் அமர்கிறார்கள். தனியே விட்டால் ஆபத்து என்று அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். அந்த இருவர் அங்கே துணையா, காவலா? சற்று யோசியுங்கள்.

ஆங்கில எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி 1953-ல் மெஸ்காலின் உண்டார். நாற்காலியின் காலிலும் துணியின் மடிப்பிலும் பேரழகைக் கண்டார். ஆனால் தம் அருகிலிருந்த அன்புக்குரியவர்களின் கண்களைப் பார்ப்பதைத் தவிர்த்துக்கொண்டார். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். கூட்டத்தில் இருந்தும் அவர் தனியராகவே இருந்தார். இனித் தனிமையையாவது இந்த வஸ்து கொடுக்கிறதா? தன்னைத் தான் கணக்குக் கேட்கும் அறிவு அந்நேரம் திரையிடப்பட்டுவிட்டதே! உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று, அறிவை மூடுவது எதுவோ அதுவே மது என்று விளக்கினார்கள். திராட்சையா, பேரீச்சையா என்று பெயரைப் பார்க்கவில்லை, செயலைப் பார்த்தார்கள். மது முற்றாகத் தடுக்கப்படும் முன்பே இறங்கிய வசனத்தில் (4:43), சொல்வது இன்னதென்று அறியும் வரை போதையோடு தொழுகையை நெருங்காதீர் என்ற கட்டளை வந்துவிட்டது. வாயில் வருவது எதுவென்று தெரியாதவனுக்குத் தொழுகையே இல்லை என்றால், ஞானம் எங்கே வாய்க்கும்?

தனிமை நம் மார்க்கத்தில் உண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் உணவைக் கட்டிக்கொண்டு ஹிராக் குகைக்குச் சென்று பல இரவுகள் தங்குவார்கள்; பின் இல்லம் திரும்புவார்கள். வஹீ வந்த அன்று நடுங்கும் நெஞ்சோடு நேரே அன்னை கதீஜா (ரலி) அவர்களிடம்தான் வந்தார்கள். அல்லாஹ் தங்களை ஒருபோதும் இழிவுபடுத்த மாட்டான் என்று தேற்றிய அன்னை, அதற்குச் சான்றாக எவற்றைச் சொன்னார்கள்? உறவைப் பேணுவதையும், இயலாதவரின் சுமையைச் சுமப்பதையும், விருந்தினரை உபசரிப்பதையும்! குகையில் நடந்ததற்கு ஊருக்குள் நடந்ததே சாட்சியாயிற்று.

ஹன்ளலா (ரலி) என்ற தோழரின் வரலாறும் இங்கே பொருந்தும். நபியவர்களின் சமூகத்தில் சுவர்க்கமும் நரகமும் கண்ணெதிரே நிற்பதுபோல் இருக்கிறது. வீட்டுக்குப் போய் மனைவி மக்களோடு கலந்தால் மறந்துபோகிறது. நான் நயவஞ்சகனாகிவிட்டேனோ என்று கலங்கி வந்தார் அவர். அந்நிலை நீடித்தால் மலக்குகள் உங்கள் படுக்கையிலும் பாதையிலும் கைகுலுக்குவார்கள் என்று சொன்ன பெருமானார் (ஸல்), அதை நீடிக்க வைக்க வழியொன்றும் சொல்லித் தரவில்லை. இது ஒரு வேளை, அது ஒரு வேளை என்று அமைதிப்படுத்தினார்கள். குழந்தையைத் தூக்கும் நேரமும் அடியானின் நேரமே. அந்த உச்சத்தை நினைத்தபோதெல்லாம் வரவழைத்துத் தருவேன் என்பதல்லவா போதை காட்டும் ஆசை?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1095-ல் பக்தாதின் பெரும் பதவியை விட்டுவிட்டு டமாஸ்கஸில் தனித்திருந்தவர்கள். 1106-ல் நைஸாபூரில் மீண்டும் கற்பிக்க வந்தவர்கள். இரண்டையும் அனுபவித்த அவர்கள், இஹ்யாவில் தனிமைக்கென்றே ஒரு பாகம் எழுதினார்கள். உள்ளத்தின் தீக்குணங்கள் சீழ் கோத்த கட்டி போன்றவை, பிறர் கை படும்வரை வலி தெரியாது என்பது அதில் அவர்கள் தரும் உவமை. மாமியாரோடும் பங்காளியோடும் பழகும்போதுதான் நம் கட்டி நமக்குத் தெரிகிறது!

"ஸூபியாக்களும் உண்டார்களே" என்பவர்கள் குராஸானின் ஷைகு ஹைதரைச் சொல்வார்கள். ஆண்டுக்கணக்கில் தனித்திருந்த அவர், காற்றில்லாத வேளையில் ஆடிய கஞ்சாச் செடியைக் கண்டு உண்டு, பின் முரீதுகளுக்கும் காட்டினார் என்ற கதையை மக்ரீஸி என்ற சரித்திராசிரியர் பதிந்துள்ளார். கதை மெய்யென்றே வைத்துக்கொண்டாலும், அது மார்க்க ஆதாரமாகாது. ஷாபிஈ மத்ஹபின் அறிஞர் ஸர்கஷீ (ரஹ்) அது ஹராம் என்பதை நிறுவத் தனி நூலே எழுதினார்கள்.

இதன் பக்கத்தில் காப்பியை வைத்துப் பாருங்கள். யமன் ஸூபியாக்கள் 15ஆம் நூற்றாண்டில், இரவு திக்ரில் உறக்கம் வராதிருக்கக் காப்பி அருந்தினார்கள். கெய்ரோவில் வசித்த யமனியர் திங்கள், வெள்ளி இரவுகளில் செம்மண் பாத்திரத்திலிருந்து முகந்து வலப்புறமாகக் கொடுத்துக்கொண்டே கலிமாவை ஓதினார்கள். 1511-ல் மக்காவில் அதற்கும் தடை வந்தது. மதுக்கிண்ணம்போல் கைமாறுகிறதே என்று ஐயுற்றார்கள். பின்னர் ஆலிம்கள் பலர் அனுமதித்ததற்குக் காரணம், அது அறிவை மூடவில்லை, விழிக்க வைத்தது என்பதே.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை இதில் விழுந்துவிட்டதாகச் சொன்னால் கதவைச் சாத்தாதீர்கள். நாயகத்தின் நிலைக்கும் அவன் நிலைக்கும் வானத்துக்கும் பூமிக்குமுள்ள தூரம். ஆயினும் நடுங்கி வந்தவரை முதலில் போர்த்தி, பிறகு விவரம் அறிந்த வரக்காவிடம் அழைத்துப்போன அன்னையின் முறை நமக்கும் பாடமே. உறக்கமின்மையோ காரணமில்லாத பயமோ தொடர்ந்தால் தாயத்துக்கு அலையாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். உண்டதை மறைக்காமல் அவரிடம் சொல்லச் சொல்லுங்கள். தவ்பாவுக்கான வழியை ஊர் ஆலிம் சொல்லித் தருவார். அதுவரை அவனைத் தனி அறையில் விடாமல், சாப்பாட்டு ஸஹனில் உங்களோடு உட்கார வையுங்கள்.