சோம்பேறி என்று சொல்வதற்கு முன்

பதினான்கு வயதுப் பையன் ஒருவன் மூன்று நாளாகப் பள்ளிக்குப் போகவில்லை என்றால் நம் வீடுகளில் முதலில் வந்து விழும் சொல் 'பொந்தேங்'. அடுத்தது 'சோம்பேறி'. 'போனைப் பார்த்துப் பார்த்தே இப்படி ஆயிட்டான்' என்பது மூன்றாவது. 'உடம்புக்கு ஏதும் முடியலையா?' என்று கேட்பவர்களும் உண்டு. தொட்டுப் பார்த்து, காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும் அந்தக் கேள்வியும் முடிந்துவிடும்.

2022இல் 13 முதல் 17 வயதுள்ள மாணவர்களிடம் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், ஏறக்குறைய நான்கில் ஒருவரிடம் மனச்சோர்வு தென்பட்டது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் பத்து பேர். இந்தப் பத்து பேரும் பொந்தேங் அடிப்பவர்கள் அல்லர். பலர் தினமும் சீருடை அணிந்து வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. பதின்ம வயதில் மனச்சோர்வு அழுகையாக மட்டும் வருவதில்லை, எரிச்சலாகவும் வரும். ஆசிரியரிடம் வெடுக்கென்று பேசுகிறவனைக் கட்டொழுங்கு ஆசிரியரிடம் அனுப்புகிறோம். நேற்றுவரை நெட்பால் ஆடிய பெண் 'வேணாம் டீச்சர், விடுங்க' என்று ஒதுங்கினால் 'பெரிய பிள்ளை ஆயிட்டா' என்கிறோம்.

ஒருவரைக் குற்றம் சொல்ல ஒரு நிபந்தனை உண்டு. அவரால் முடியும், ஆனாலும் செய்யவில்லை என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கால் உடைந்தவனை ஏன் ஓடவில்லை என்று யாரும் திட்டுவதில்லை. ஓட விரும்புகிறான், கால் விடவில்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது. மனச்சோர்வில் உடைவது அந்த விருப்பமே. எதிலும் நாட்டமின்மை அந்த நோயின் இரண்டு அடிப்படை அறிகுறிகளில் ஒன்று. விருப்பம் உடைந்தவனும் விருப்பமில்லாதவனும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். இருவரும் போர்வைக்குள் கிடக்கிறார்கள். நாம் இருவருக்கும் ஒரே பெயர் வைத்துவிடுகிறோம்.

'வள்ளுவரே சோம்பலைக் கண்டித்திருக்கிறார்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். உண்மைதான், மடியின்மைக்குத் தனி அதிகாரமே உண்டு. ஆனால் அது பொருட்பாலில், அரசியல் என்ற பகுதியில் இருக்கிறது. ஆளும் பொறுப்பும் அதற்கான வசதியும் உள்ளவனை முன்னே நிறுத்திப் பேசும் பகுதி அது. அதே அளவுகோலை, பேருந்துக்கு ஐந்தரை மணிக்கு எழும்ப வேண்டிய படிவம் ஒன்று மாணவன் மீது வைப்பது நியாயமா?

அந்தப் படிவம் ஒன்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை, பதின்மூன்று வயதில் மலாய்மொழி இடைநிலைப்பள்ளிக்குள் நுழைகிறான். அங்கே பேச்சுப்போட்டியில் மேடை ஏறியவன் இங்கே வாயைத் திறக்கவே தயங்குகிறான். பலர் ஒரு வருடத்தில் பழகிவிடுகிறார்கள். சிலர் கடைசி வரிசைக்குப் போய் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். இவர்களுக்கு முதலில் அறுந்தது பள்ளியோடு இருந்த பிணைப்பு. சோர்வு பிறகு வந்தது. வேறு சிலருக்குச் சோர்வு முதலில், விலகல் பிறகு. ஒன்று மற்றொன்றை வளர்க்கும். பள்ளியில் தனக்கு ஓர் இடம் இருக்கிறது என்று உணரும் பிள்ளைகளிடம் மனச்சோர்வு குறைவாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே 'பையனைச் சரிபண்ணிக் கொண்டுவாங்க' என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டுப் பள்ளி ஒதுங்கிவிட முடியாது.

ஆனால் வராத பிள்ளைக்குப் பள்ளி முதலில் அனுப்புவது எச்சரிக்கைக் கடிதம். பிறகு இரண்டாவது, மூன்றாவது. அதற்கும் பிறகு நீக்கம். இடமில்லை என்று உணர்ந்தவனுக்கு, ஆமாம் இல்லைதான் என்று எழுத்தில் கொடுப்பது போன்றது இது. இதே நாட்டில் தற்கொலைக்கு முயல்வது குற்றவியல் சட்டம் 309ஆம் பிரிவின்கீழ் ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றமாக இருந்தது. 2023இல் அந்தப் பிரிவை நீக்கினார்கள். துன்பத்தில் இருப்பவனுக்குத் தண்டனை மருந்தாகாது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. பள்ளியும் வீடும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

'அப்ப என்ன, வராட்டி விட்டுடலாமா?' என்று கேட்கலாம். கூடாது. அறைக்குள் அடைந்து கிடப்பது சோர்வை இன்னும் ஆழமாக்கும். மனச்சோர்வுக்கான சிகிச்சை முறைகளில் ஒன்றே, மனம் வரும்வரை காத்திராமல் சின்னச் சின்னச் செயல்களைத் தொடங்கவைப்பதுதான். 'நோயாளிப் பிள்ளை, விடுங்க' என்று எதையும் எதிர்பார்க்காமல் இருப்பதும் ஒருவகைக் கைவிடல். பள்ளிக்கு வரவேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருக்கட்டும். அது தீர்ப்பாக இல்லாமல் அழைப்பாக இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் முதலில் தேவையில்லை. மூன்றாவது நாள் கடிதம் போவதற்கு முன் வகுப்பாசிரியர் ஒரு தொலைபேசி அழைப்பு செய்யலாம். ஆலோசக ஆசிரியரின் அறைக்கு ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் இருக்கலாம். மற்ற பிள்ளைகளின் கண்ணில் அது தண்டனைதான். முழு நாள் முடியாதவனுக்கு முதல் வாரம் இரண்டு பாடவேளை போதும் என்று சொல்லலாம். அப்பா, வேலை முடிந்து வந்து, 'ஏன்டா போகல?' என்று கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, 'அங்க உனக்கு என்னடா கஷ்டம்?' என்று கேட்கலாம். பதில் அன்றைக்கே வராது. மறுநாளும் கேட்க வேண்டியிருக்கும்.