முத்திரை பிறகு வரட்டும்

இலங்கை மலையகத்தில் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் போன சில பிள்ளைகள் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்திருக்கிறார்கள். தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் வீடுகள் பலவற்றுக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து கைமாறித்தான் வீடு சேரும். அப்படித் தாமதமாக வந்து சேர்ந்த ஒரு நேர்முகத் தேர்வுக் கடிதம்தான் கதை. டிரெய்லர் ஒன்றரை நிமிடம் ஓடுகிறது. அதில் முதல் பன்னிரண்டு விநாடி அவர்களுடைய தயாரிப்பு நிறுவனத்தின் லோகோவுக்கே போய்விடுகிறது. தங்க நிறத்தில் ஒரு ஃபிலிம் சுருள் சுழன்று வருகிறது. நடுவில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் விரிகின்றன. கூடை சுமந்த பெண்ணின் நிழலுருவம் எழுகிறது. கடைசியில் இடி முழங்குகிறது. எழுத்தும் வடிவமைப்பும் என் தொழில் என்பதால் அதைத் திருத்தித் தரச்சொல்லி வந்தார்கள்.

தொழில்நுட்பக் குறைகள் சீக்கிரம் தீர்ந்தன. மென்பொருளில் தமிழுக்கு ஏற்றபடி அமைப்பை மாற்றாமல் விட்டதால் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலும் நின்றன. ஃபோன் திரையில் சுருங்கியதும் மொட்டும் இலையும் ஒரு பச்சைப் புள்ளியாகிவிட்டன. இதையெல்லாம் ஒரு மாலையில் சரிசெய்துவிடலாம். கூடையை என்ன செய்வது என்ற கேள்வி அவ்வளவு எளிதில் முடியவில்லை.

அதை எடுத்துவிட வேண்டும் என்றது படத்தை இயக்கிய பிள்ளைதான். "அண்ணே, அந்தக் கூடைய எறக்கி வைக்கணும்னுதான் அம்மா என்னப் படிக்க வச்சாங்க. நானே தூக்கி ஸ்கிரீன்ல வைக்கவா?" கேமரா பிடித்த பையன் விடவில்லை. "கூடை நமக்கு என்ன வெக்கமா? அதுலதானே நாம சாப்பிட்டோம்?"

இருவர் சொன்னதும் எனக்கு நியாயமாகவே பட்டது. ஆனால் அந்த நிழலுருவம் இவர்கள் வரைந்ததல்ல. இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. அதை முதலில் வரைந்தவர்கள் யார் என்று யோசித்தேன். ஹல்துமுல்லையிலிருந்து ஏறினால் ஹப்புத்தளை; அதைத் தாண்டித் தம்பேதன்னை. 1890இல் தாமஸ் லிப்டன் அங்கே தோட்டம் வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கோப்பைக்கு என்ற அவருடைய வியாபாரத்தோடு சேர்ந்து, கூடை சுமந்த நம் பெண்ணின் உருவமும் விளம்பரங்களில் உலகம் சுற்றியது. அவள் பெயர் எந்த டப்பாவிலும் இல்லை. பிறகு 2014 அக்டோபர் 29ஆம் திகதி பக்கத்து மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது மறுபடியும் கேமராக்கள் வந்தன. அழகான கொழுந்துக்காரி, அல்லது மண்ணில் புதைந்த லயம்: வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இந்தப் பகுதியைப் பெரும்பாலும் இந்த இரண்டு படங்களாகவே வைத்திருக்கிறார்கள். அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்த தலைமுறைதான் இன்று கேமராவைக் கையில் எடுத்திருக்கிறது. அவர்களுடைய முதல் படச்சட்டத்தில், அவர்களைப் பார்த்து மற்றவர்கள் வரைந்த படமே வந்து நிற்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. கூடை வரலாம். ஆனால் இவர்கள் பார்த்த கூடையாக வரட்டும்.

அப்படியானால் எதைப் போடுவது? லோகோ இல்லாவிட்டால் யாரும் மதிக்கமாட்டார்கள் என்று அவர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். தலைமுறை தலைமுறையாகச் செக்ரோல் என்ற தோட்டத்து வேலைப் பதிவேட்டில் மட்டும் பெயர் இருந்த குடும்பங்களின் பிள்ளைகள், தங்கள் பெயர் பெரிதாக, பொன்னாக மின்ன வேண்டும் என்று நினைப்பதில் என்ன தவறு? ஜெமினி ஸ்டூடியோவின் சின்னமான இரட்டைச் சிறுவர்கள் குழல் ஊதும் காட்சி திரையில் வந்தாலே கொட்டகையில் கைதட்டல் எழும் என்று என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கைதட்டல் 'சந்திரலேகா' போன்ற படங்கள் சம்பாதித்துக் கொடுத்தது. குழல் மட்டும் ஊதி வந்ததல்ல.

இந்தி நடிகரும் இயக்குநருமான ராஜ் கபூரின் கதையை அவர்களுக்குச் சொன்னேன். 1948இல் 'ஆக்' என்ற முதல் படத்தோடு ஆர்.கே. நிறுவனம் தொடங்கியது. நாம் அறிந்த அதன் சின்னம் அப்போது பிறக்கவே இல்லை. அடுத்த ஆண்டு 'பர்சாத்' வந்தது. ஒரு கையில் நர்கிஸைத் தாங்கி, மறு கையில் வயலினோடு அவர் நிற்கும் காட்சி மக்கள் மனதில் தங்கியது. அந்தக் காட்சியே பிறகு நிறுவனத்தின் முத்திரையானது.

நம் பக்கத்திலும் பாருங்கள். 1963இல் 'தோட்டக்காரி' என்ற படம் வந்தது. 1975இல் தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் 'புதிய காற்று' எடுத்தார். தோட்டத்து மக்களின் கதை திரைக்கு வந்ததையே இங்குள்ள பெரியவர்கள் பேசுகிறார்கள். அந்தப் படங்களுக்கு முன்னால் என்ன சின்னம் வந்தது என்று கேட்டுப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த எவருக்கும் நினைவில்லை.

மனிதர்களுக்கும் இது பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். இருபது வயதில் நாம் யார் என்று ஒரு சின்னத்தில் அடக்கிக் காட்டச் சொல்லி உலகம் அவசரப்படுத்துகிறது. அந்த அவசரத்தில் கைக்கு எட்டுவது பெரும்பாலும் இரவல் உருவம். செய்து பார்த்த வேலையிலிருந்துதான் நம் சாயல் நமக்கே தெரியவரும். இந்தப் பிள்ளைகள் இன்னும் இரண்டு படம் எடுக்கட்டும். அவர்களும் அறியாமல் அவர்கள் கண் திரும்பத் திரும்ப எங்கே போகிறது என்று அப்போது தெரியும். இந்தப் படத்திலேயே எனக்கு ஒன்று தட்டுப்பட்டது: தோட்டத்து ஆபீசின் ஜன்னல், வெளியே நிற்பவரின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்தது, நான்கு இடங்களில் வருகிறது. நாளை அவர்களுடைய முத்திரை அதுவாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம்.

இப்போதைக்குச் சுருளையும் இடியையும் எடுத்துவிட்டோம். வெள்ளை எழுத்தில் குழுவின் பெயர், கீழே ஹல்துமுல்லை என்ற ஊர்ப்பெயர், மூன்று விநாடி, சத்தம் இல்லை. எழுத்தை நான் கையால் எழுதிக் கொடுத்தேன். சிங்களத்திலும் பெயர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டும், அதே அளவில் வேண்டும் என்றேன். படம் முதலில் ஓடப்போவது அவர்களுடைய வளாகத்தில். பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு இந்தக் கதை யாருடையது என்று வாசிக்கத் தெரிய வேண்டும். மிச்சமான ஒன்பது விநாடியில் அந்த ஜன்னல் காட்சியை நீட்டுவதா, அம்மா பேசுவதைச் சேர்ப்பதா என்று இயக்குநருக்கும் கேமராக்காரனுக்கும் இன்னும் வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது.