பூத்த பாலையும் புகைப்படக் கருவியும்

கலிபோர்னியாவின் தென்கோடியில் ஆன்சா–பொரேகோ என்றொரு பாலைநிலம் உண்டு. 1933-ஆம் ஆண்டு முதல் மாநிலப் பூங்காவாகக் காக்கப்பட்டு வரும் அது ஆறு இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்புடையது. ஆண்டின் பெரும்பகுதி மணலும் கல்லும் முட்புதருமாகக் கிடக்கும் அந்நிலம், குளிர்கால மழை வேண்டுமளவு பெய்த ஆண்டுகளில் மட்டும் ஊதாவும் வெண்மையும் மஞ்சளுமாகப் பூத்துவிடுகிறது. 2017, 2019 ஆகிய ஆண்டுகளில் அவ்வாறு பூத்தது. அக்காட்சியைப் படமெடுக்கப் பயணம் வகுக்கும் இளைஞர்கள் இன்று நம் குடும்பங்களிலும் இருக்கக்கூடும். அப்பயணம் இல்லறத்தார்க்குத் தக்கதா என்பதே ஈண்டு நாம் எண்ணிப் பார்க்க விரும்புவது.

முதற்கண் அம்மலர்களின் இயல்பை அறிதல் வேண்டும். பல பாலைச் செடிகளின் விதைகளில், முளைப்பதைத் தடுக்கும் பொருள் ஒன்று அமைந்திருக்கிறது. சிறு தூறல் அதனைக் கழுவாது. நன்மழை பெய்து கழுவிய பின்னரே விதை கண் விழிக்கும். அப்போதும் எல்லா விதைகளும் ஒருங்கே முளைப்பதில்லை. ஒரு பகுதி மண்ணுக்குள்ளேயே அடுத்த நன்மழையை எதிர்நோக்கிக் கிடக்கும். முளைத்த செடிக்கோ வாழ்நாள் சில வாரங்களே. அதற்குள் பூத்து, விதைத்து, மடிய வேண்டும். ஆகவே பூக்கும் பருவத்தில் மிதிபடும் செடி, பல்லாண்டு காத்திருந்து பெற்ற ஒரே வாய்ப்பை இழக்கிறது. செடியில்லாத வெற்றிடத்தில் கால் வைத்தால் போயிற்று என்பாரும் உளர். வெற்றிடம் எனத் தோன்றும் பாலை மண்ணின் மேற்புறத்திலும் நுண்பாசிகளும் பூஞ்சைகளும் சேர்ந்து பின்னிய மெல்லிய ஏடு இருப்பதுண்டு. காலடியில் அது நொறுங்கினால் மீளப் பல பத்தாண்டுகள் ஆகும்.

‘பூத்த ஆண்டில் அந்துப்பூச்சியின் புழுக்கள் திரள்திரளாகத் தோன்றி மலர்களைத் தின்று தீர்க்கின்றன, அப்புழுக்களைத் தின்னப் பருந்துகள் வருகின்றன, இவற்றிற்கிடையே எம் ஓரடி எம்மாத்திரம்?’ என ஒருவர் வினவலாம். வலுவான வினாவே. ஆயினும் புழுவுக்கு மலர் உணவு. உண்ணாவிடில் அதற்கு உயிரில்லை. நமக்கோ அஃது ஒரு படம்.

சமந்தபத்திராசாரியார் தம் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் அநர்த்த தண்டங்களுள் ஒன்றாகப் பிரமாத சரியையைக் கூறுகிறார். பயனின்றி நிலத்தை அகழ்தல், செடிகொடிகளை அறுத்தல் முதலியவற்றோடு, பயனின்றித் தான் திரிதலையும் பிறரைத் திரியச் செய்தலையும் அதில் அடக்குகிறார். அழகைக் காண்பது பயனற்றது என நாம் துணிய மாட்டோம். சில வாரமே வாழும் மலரைக் கூர்ந்து நோக்குபவன் நிலையாமையையும் நோக்குகிறான். நம்மைத் தயங்க வைப்பது ‘பிறரைத் திரியச் செய்தல்’ என்னும் பகுதியே.

லேக் எல்சினோர் நகரையடுத்த வாக்கர் கேன்யன் மலைச்சரிவில் 2019 மார்ச்சில் பாப்பி மலர்கள் செம்மஞ்சள் கம்பளம்போல் விரிந்தன. இணையத்தில் பரவிய படங்களைக் கண்டு வந்த கூட்டத்தால் சாலைகள் அடைபட்டன, செடிகள் மிதிபட்டன, நகர நிர்வாகம் சில காலம் வழியை மூட நேர்ந்தது. 2023-இல் மலர்ப் பருவத்தின் தொடக்கத்திலேயே மூடிவிட்டனர். மலர்களின் நடுவே ஒருவர் அமர்ந்திருக்கும் படம், பார்ப்பவர்க்கு ‘நீயும் வந்து அமர்க’ என்றே சொல்லும். எடுத்தவர் ஒரு செடியையும் மிதிக்காதவராக இருக்கலாம். ஆனால் செய்தல், செய்வித்தல், உடன்படல் என மூன்றாகவன்றோ நம் முன்னோர் வினையை எண்ணினர்!

எனவே பயணத்தின் அறம் வீட்டில் திட்டமிடும்போதே தொடங்குகிறது. தாழ்ந்த பாலையில் பிப்ரவரி இறுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரை, உயர்ந்த பாலையில் ஏப்ரல் என நாள் குறிப்பது எளிது. கருவியைத் தேர்வதில்தான் மனம் வெளிப்படும். வைட் ஆங்கிள் லென்ஸ் மலரை ஒட்டி முக்காலியை ஊன்றச் சொல்லும். டெலிபோட்டோ லென்ஸோ பாதையில் நின்றவாறே தொலைவைச் சுருக்கி, மலர்களை நெருக்கமாகக் காட்டும். பின்னதையே நாம் பரிந்துரைப்போம். படத்தோடு இடத்தின் பெயரை வெளியிடாமையும் நன்று. குளிர்காற்று வீசும் நாளில் பாப்பி இதழ் விரியாது. படமின்றித் திரும்ப நேரிடலாம். அத்தனை தொலைவு சென்றபின், ‘இன்னும் ஈரடி உள்ளே போனால்’ என்னும் எண்ணம் எவர்க்கும் எழும். அங்கு நின்று முடிவெடுப்பது கடினம். ஆதலின் வெறுங்கையோடு திரும்புவதற்கும் புறப்படுமுன்பே உடன்பட வேண்டும்.

இன்னுமொன்று. சகாரா கடுகு என்னும் அயல்நாட்டுக் களை ஆன்சா–பொரேகோவில் பரவி, நாட்டு மலர்களின் இடத்தைக் கவர்ந்து வருகிறது. நனைந்தால் பசைபோல் ஒட்டும் அதன் விதை, வண்டிச் சக்கரங்களில் ஏறி ஊர் மாறும். புறப்படும் முன்னும் திரும்பிய பின்னும் சக்கரத்தையும் காலணியின் அடியையும் துடைத்துப் பார்த்தல் வேண்டும்.