உறங்கும் முன் ஓதும் துஆவும், பள்ளிவாசல் சுவரோரம் உறங்குபவரும்

 



படுக்கைக்குப் போகும்போது ஓதுவதற்கு நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த துஆக்களில் ஒன்றை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் அது பதிவாகியுள்ளது. உண்ணவும் குடிக்கவும் தந்து, தேவைகளைப் போதுமாக்கி, ஒதுங்க இடமும் தந்த அல்லாஹ்வைப் புகழ்ந்து அந்த துஆ தொடங்குகிறது. முடியும்போதோ, ஆதரிப்பவரும் ஒதுங்க இடம் தருபவரும் இல்லாத மக்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்று நினைவூட்டி முடிகிறது.

நம்மில் பலர் இதை மனப்பாடமாக ஓதுகிறோம். பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிறோம். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறோம். அந்த 'எத்தனையோ பேர்' யார் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? நான் பல ஆண்டுகள் யோசித்ததில்லை. ஒருவர் என்னை யோசிக்க வைத்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கூடை தூக்கும் வேலை செய்தவர் அவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்ல. வேலை முடிந்தால் எங்கள் பள்ளிவாசலின் சுற்றுச்சுவர் ஓரம்தான் படுப்பார். ஒருநாள் மீன் ஏற்றிய வண்டி காலில் ஏறிவிட்டது. மருத்துவமனையில் விரல்களை எடுத்துத் தையல் போட்டார்கள். சில நாட்களில் டிஸ்சார்ஜ் செய்தார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. அடுத்த நோயாளிக்குக் கட்டில் வேண்டும். புண் நனையக் கூடாது, காலை உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும், ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வீடு இருப்பவருக்குச் சொல்லும் அறிவுரை அது. அவர் மீண்டும் நம் சுவரோரத்துக்கே வந்தார்.

நாம் சும்மா இருக்கவில்லை. ஒரு வீட்டிலிருந்து இட்லி வரும், மறுவீட்டிலிருந்து பிரியாணி வரும். நானே போர்வை வாங்கிக் கொடுத்தேன். இஷா முடிந்ததும் கேட்டைப் பூட்டச் சொன்னதும் நான்தான். இரண்டு இரவு நல்ல மழை. பத்தாம் நாள் புண் சீழ் பிடித்துவிட்டது. மீண்டும் மருத்துவமனைக்குத் தூக்கிப் போனோம். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

பார்க்கப் போனபோது அவர் கோபப்படவில்லை. "சோத்துக்குக் கொறையே இல்ல அஜரத்து, கால நீட்டத்தான் எடமில்லாமப் போச்சு" என்றார்.

அன்று மேல்மாடி மதரஸா அறை காலியாகத்தான் இருந்தது.

வீடு என்பது எதற்கு?

அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80-வது வசனத்தில் அல்லாஹ் தன் அருட்கொடைகளை எண்ணிச் சொல்லும்போது வீட்டையும் சொல்கிறான். வீட்டை 'ஸகன்' ஆக ஆக்கியதாகக் கூறுகிறான். ஓய்ந்து அமைதி பெறும் இடம் என்பது அதன் பொருள். உணவைப் போலவே ஓய்வும் படைத்தவன் மனிதனுக்குக் கொடுத்த உரிமை என்று இதிலிருந்து விளங்குகிறது.

அல்பலத் அத்தியாயத்தில், ஏறுவதற்குக் கடினமான ஒரு பாதையைப் பற்றி அல்லாஹ் பேசுகிறான். அடிமையை விடுவிப்பதும், பசி மிகுந்த நாளில் அநாதைக்கும் 'மண்ணோடு கிடக்கும்' ஏழைக்கும் உணவளிப்பதும்தான் அந்தப் பாதை. அந்த ஏழை யார்? இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் விளக்கத்தைத் தஃப்ஸீர் இப்னு கஸீரில் பாருங்கள். வீடின்றி வழியில் கிடப்பவர், புழுதியிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள எதுவும் இல்லாதவர் என்கிறார்கள். கல்மண்டபம் பக்கமோ, பேசின் பாலத்து ஓரமோ, எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையில் நிற்கும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவிலோ இரவில் ஒருமுறை நடந்து பாருங்கள். இந்த வசனத்தின் விளக்கத்தைக் கண்ணால் பார்ப்பீர்கள்.

நபியின் பள்ளிவாசலில் இருந்த கூரை

மஸ்ஜிதுந் நபவியில் தொழும் இடம் மட்டுமா இருந்தது? அதன் ஒரு பகுதியில் பேரீச்ச மட்டை வேய்ந்த திண்ணை இருந்தது. அதுதான் ஸுஃப்பா. வீடும் குடும்பமும் இல்லாத தோழர்கள் அங்கே தங்கினார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அங்கிருந்தவர்கள்தான். மேலாடை கூட இல்லாத எழுபது பேரை அங்கே கண்டதாக அவர்கள் சொல்லும் செய்தி புகாரியில் உள்ளது. இரண்டு பேருக்கு உணவு உள்ளவர் திண்ணைத் தோழர்களில் ஒருவரை மூன்றாமவராக அழைத்துப் போகட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள்.

இன்னும் கேளுங்கள். அகழ்ப் போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்குக் கையில் அம்பு பாய்ந்தது. அருகிலிருந்து நலம் விசாரிப்பதற்காக நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலிலேயே அவர்களுக்குக் கூடாரம் அடிக்கச் செய்தார்கள். விடுதலை பெற்ற கறுப்பின அடிமைப் பெண் ஒருவர் இஸ்லாத்தை ஏற்று மதீனா வந்தபோது, அவருக்கும் பள்ளிவாசலில் ஒரு கூடாரம் இருந்ததை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

உணவு, கூரை, மருத்துவம் ஆகிய மூன்றும் அங்கே ஒரே இடத்தில் இருந்தன. பிற்காலத்தில் முஸ்லிம்கள் கட்டிய மருத்துவமனைகளும் இதையே பின்பற்றின. 1284-ல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனையின் வக்ஃபில், குணமாகி வெளியேறும் ஏழைக்கு உடையும் பணமும் கொடுக்க ஏற்பாடு இருந்தது. எழுந்த மறுநாளே அவர் கூலிக்கு ஓடக் கூடாது அல்லவா?

நம் ஊரின் கஞ்சித்தொட்டி

இதற்குக் கெய்ரோ வரை போகத் தேவையில்லை. நம் பகுதிப் பெரியவர்கள் ஸ்டான்லி மருத்துவமனையை 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள். ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் போர் நடந்த காலத்தில், 1782 பஞ்சத்தில், பசியோடு சென்னைக்கு வந்து சேர்ந்த மக்களுக்குக் கஞ்சி ஊற்ற ஓர் இடம் உருவானது. அதுதான் மணியக்காரர் சத்திரம். கஞ்சி குடிக்க வந்தவர்கள் நோயாளிகளாகவும் இருந்தார்கள். அதனால் சத்திரத்தோடு மருத்துவமும் சேர்ந்தது. அந்த மருத்துவம்தான் வளர்ந்து இன்றைய ஸ்டான்லி ஆனது. சத்திரம் இன்றும் அருகிலேயே முதியோர் இல்லமாக இருக்கிறது.

கஞ்சி ஊற்றியவர்களுக்குப் புரிந்தது என்ன? கஞ்சி மட்டும் போதாது என்பது. 200 ஆண்டுகளுக்குப் பிறகும் பிரியாணிப் பொட்டலத்தோடு நின்றுவிட்ட எனக்கு அது புரியவில்லை.

அரசு செய்வதும் மீதம் இருப்பதும்

2010-ல் உச்ச நீதிமன்றம், உணவு உரிமை வழக்கில், 5 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில் ஆண்டு முழுவதும், நாள் முழுவதும் திறந்திருக்கும் காப்பகங்கள் வேண்டும் என்றது. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதற்கு நிதி தந்தது. ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி என்று அளவும் வைத்திருந்தது. சென்னை மாநகராட்சி தொண்டு நிறுவனங்கள் மூலம் காப்பகங்களை நடத்துகிறது. அரசு மருத்துவமனைகளில் நோயாளிக்குத் துணையாக வருபவர்கள் தங்கவும் இடம் அமைத்திருக்கிறது. இவையெல்லாம் நன்றியோடு சொல்ல வேண்டியவை.

ஆனால் 2011 கணக்கெடுப்பிலேயே நாட்டில் வீடற்றோர் 17 லட்சத்தைத் தாண்டினர். காப்பகம் இருந்தும் சிலர் போவதில்லை. ஆண்களுக்கு ஓரிடம், பெண்களுக்கு ஓரிடம் என்றால் கணவனும் மனைவியும் பிள்ளைகளும் பிரிய வேண்டும். நள்ளிரவு தாண்டித் துறைமுகத்தில் வேலை தொடங்குபவருக்குத் தொலைவில் இருக்கும் காப்பகம் உதவாது. டிஸ்சார்ஜ் ஆன நோயாளிக்குக் கட்டு மாற்றவும், வேளைக்கு மாத்திரை எடுத்துத் தரவும் ஆள் வேண்டும். மருத்துவமனைக் கட்டிலுக்கும் நடைபாதைக்கும் இடையில் இருக்கும் அந்தப் பத்துப் பதினைந்து நாட்கள்தான் பெரிய பள்ளம். பலர் விழுவது அங்கேதான்.

பள்ளிவாசலைப் பூட்டுவது தவறா?

முதவல்லிகளின் கவலை நியாயமானது. வக்ஃப் சொத்து அமானிதம். மோட்டார் திருடு போயிருக்கிறது, செருப்பு திருடு போயிருக்கிறது. சுத்தம் பார்க்க வேண்டும், குடித்துவிட்டு வருபவர்களைச் சமாளிக்க வேண்டும். சட்டமும் இருக்கிறது. முஸாஃபிரும் இஃதிகாஃப் இருப்பவரும் தவிர மற்றவர்கள் பள்ளியில் உறங்குவது ஹனஃபி மத்ஹபில் மக்ரூஹ். ஷாஃபிஈ மத்ஹபில் அதற்கு அனுமதி உண்டு.

ஆனால் நான் தொழும் இடத்தைத் திறக்கச் சொல்லவில்லை. நம் பள்ளிகளோடு சேர்ந்த மண்டபங்கள், மாடி அறைகள், கடைகள் இருக்கின்றன. வக்ஃபின் நோக்கத்தைப் பார்த்து, உலமாக்களிடம் கேட்டு முடிவு செய்யலாம். நம்மால் முடியும் என்பதற்குச் சாட்சியும் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் பள்ளிவாசல்கள் எல்லா மதத்தவருக்கும் திறந்தன. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது, மூச்சு முட்டிய மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு ஓடினார்கள். வீடு இருந்தும் ஒரே இரவில் வீடற்றவர் ஆவது எப்படி என்று நம் பகுதிக்குத் தெரியும்.

ஊருக்கே வெள்ளம் வந்தால் கதவைத் திறக்கிறோம். ஒரே ஒருவருக்கு மட்டும் வெள்ளம் வந்தால் பூட்டுகிறோம். அவருக்கு அது வெள்ளம் இல்லையா? மறுமையில் நம்மிடம் கேட்கப்படும் கேள்வி இதுவாக இருந்தால் என்ன சொல்வது?

நீங்கள் செய்யக்கூடியவை

பெரிதாகத் தொடங்க வேண்டாம். ஒவ்வொரு முஹல்லாவிலும் இரண்டு கட்டில் போதும். மருத்துவமனைச் சீட்டோடு வருபவருக்கு மட்டும், குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் என்று விதி வையுங்கள். காவல் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம் பகுதியில் நர்ஸிங் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் தருவார்கள். பெண்களையும் குடும்பங்களையும் தங்க வைக்க நமக்கு வசதி இல்லையென்றால், மாநகராட்சியின் 1913 எண்ணில் கேட்டு, காப்பகம் வரை நாமே கூட்டிப் போவோம். முகவரி சொல்லி அனுப்புவது வேறு, கூடப் போவது வேறு.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கட்டடம் கட்டவும் கட்டில் வாங்கவும் ஜகாத்தைப் பயன்படுத்தாதீர்கள். அதற்கு ஸதகாவும் லில்லாஹ் நிதியும் இருக்கின்றன. நடைபாதையில் வாழும் ஏழை முஸ்லிம் குடும்பத்துக்கு, வாடகை வீட்டின் அட்வான்ஸ் தொகையை அவர்கள் கையிலேயே உரிமையாகக் கொடுத்தால் ஜகாத் நிறைவேறிவிடும். பிற மதத்தவருக்கு ஸதகாவைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

அந்த மனிதர் இப்போது ஊன்றுகோலோடு, ஒரு வலைக் கிடங்கில் காவலாக இருக்கிறார். கண்டால் ஸலாம் சொல்கிறார். அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் இழந்த கால் திரும்பி வராது. எங்கள் மாடி அறையில் இப்போது இரண்டு கட்டில்கள் இருக்கின்றன. இந்த வாரம் ஒன்றில் ஆள் இருக்கிறார்.

இன்று இரவு அந்த துஆவை ஓதும்போது கடைசி வார்த்தைகளில் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் தெருவில் அந்த 'எத்தனையோ பேரில்' ஒருவர் எங்கே படுத்திருக்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். விடிந்ததும் போய்ப் பாருங்கள்.

யா அல்லாஹ்! எங்களுக்கு ஒதுங்க இடம் தந்தவனே! ஒதுங்க இடமில்லாதவர்களுக்கு எங்களைக் காரணமாக ஆக்குவாயாக! நாங்கள் பூட்டிய கதவுகளுக்காக எங்களை மன்னிப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.