தலைப்பாகையின் விலை

கொல்கத்தாவின் பவானிபூரில், ஹரீஷ் முகர்ஜி சாலையில் ஒரு சந்து வந்து சேரும் முனை. டிசம்பர் மாதக் காலை. ஜதுபாபு பஜாரில் காய் வாங்கிக்கொண்டு சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தேன். என்னை முந்திய கார் அடுத்த நொடியே இடப்பக்கம் ஒடித்துச் சந்துக்குள் நுழைந்தது. முன்சக்கரம் அதன் கதவில் மோத, நான் ஒரு பக்கம், கத்தரிக்காய் ஒரு பக்கம். முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். ஓட்டியவர் கண்ணாடியை இறக்கி, "ஒன்றும் ஆகவில்லையே?" என்று கேட்டு, ஒரு இருநூறு ரூபாய்த் தாளை நீட்டினார். கை நடுங்கிக்கொண்டிருந்தது; வாங்கவில்லை. கார் போய்விட்டது. டீக்கடைக்காரர் அதன் எண்ணை ஒரு துண்டுத் தாளில் குறித்துக் கொடுத்தார்.

அன்றிரவு கும்பகோணத்திலிருந்து அம்மா பேசினாள். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. விட்டுடுப்பா" என்றாள். நானும் விட்டுவிடத்தான் நினைத்தேன். உயிர் பிழைத்தவன் ரிம்முக்குக் கணக்குக் கேட்பது அற்பத்தனமாகப் பட்டது.

மறுநாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். மெக்கானிக் முன்சக்கரத்தைக் கழற்றி, டயரை உருவி, அச்சில் மாட்டிச் சுற்றிவிட்டார். ரிம்மின் ஓரத்தில் கட்டைவிரலை அசையாமல் வைத்திருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடத்தில் ரிம் விரலை உரசியது. எதிர்ப்பக்கம் அரை அங்குலம் விலகிப் போயிற்று. கம்பிகளை முறுக்கிக் கோட்டம் எடுக்கப் பார்த்தார், முடியவில்லை. ரிம், போர்க், கம்பிகள், கூலி எல்லாம் சேர்த்து 1,640 ரூபாய் என்றார்.

கடைச் சுவரில் ஒரு பழைய சைக்கிள் சக்கரமில்லாமல் தொங்கியது. பால் கேன் கட்டிப் போகிறவருடையதாம். அதையும் கார்தான் இடித்திருக்கிறது. காசு சேர்த்துக்கொண்டு வருகிறேன் என்று போனவர், நான்கு மாதமாக வரவில்லை. இப்போது நடந்தே பால் ஊற்றுகிறாராம், பாதி வீடுகளுக்கு மட்டும். இடித்தவரிடம் கேட்கவில்லையா என்றேன். "பெரிய ரோட்டில் சைக்கிள் வந்ததே தப்பு என்று அவர்மேலேயே திருப்பிவிட்டால்?" என்றார் மெக்கானிக்.

அந்தப் பயம் கற்பனையில் பிறந்ததல்ல. 2013இல் கொல்கத்தா போலீஸ் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்டது. பால்காரர்களும் பேப்பர் போடுகிறவர்களும் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு அது 62 சாலைகளாகக் குறைந்தது. அபராதம் கட்டிக் கட்டிப் பழகியவனுக்கு, தான் இடிபட்டாலும் குற்றவாளி தான்தான் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இழப்பைவிட எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது.

சட்டம் அவ்வளவு கல்நெஞ்சோடு இல்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி ஒவ்வொரு காரும் மூன்றாம் நபர் காப்பீடு எடுத்தாக வேண்டும். மனிதருக்கு ஏற்படும் காயத்தோடு பொருளுக்கு ஏற்படும் சேதமும் அதில் அடக்கம். கார் பாலிசிகளில் பொருள் சேதத்துக்கு வழக்கமாக ஏழரை லட்சம் ரூபாய் வரை. சைக்கிளும் ஒரு பொருள்தான். அதன் சொந்தக்காரர் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதற்கு ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது. சைக்கிள்காரர் மீதும் தவறு இருந்தால் அந்த அளவுக்குத் தொகை குறையலாம். கேட்கும் உரிமை அதனால் அழிந்துவிடாது. ஆனால் இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால், அரசுத் திட்டம் மரணத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் தருகிறது; உடைந்த சைக்கிளுக்கு அதில் இடமில்லை. டீக்கடைக்காரர் கொடுத்த துண்டுத் தாளின் மதிப்பு அப்போதுதான் புரிந்தது.

நான் விழுந்த தெருவின் பெயரையும் அன்றுதான் நினைத்துப் பார்த்தேன். ஹரீஷ் சந்திர முகர்ஜி 'ஹிந்து பேட்ரியட்' பத்திரிகையின் ஆசிரியர். 1859-60இல் அவுரி விவசாயிகள் கிளர்ந்தெழுந்தபோது, தோட்டக்காரத் துரைமார்களால் நொந்துபோனவர்கள் பவானிபூரில் அவர் வீட்டைத் தேடி வந்தார்கள். அவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தார், கைப்பணத்தைச் செலவழித்தார். 1861இல், நாற்பது வயதை எட்டுமுன்பே இறந்துபோனார். இழந்ததை வரிசையாக எழுதி, கீழே பெயர் போட்டு நீட்டுவது அற்பமான காரியம் என்றால், அவர் எதற்காகத் தன் வாழ்நாளை அதில் கரைத்தார்?

விட்டுக்கொடுப்பது நல்ல குணம்தான். ஆனால் கையில் இருப்பவன் விட்டுக்கொடுத்தால்தான் அது குணம். வேறு வழியில்லாதவன் விட்டுவிடுவதற்கு அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது. தலைப்பாகையோடு போயிற்று என்று நான் ஆறுதல் கொள்ளலாம். பால்காரருக்குத் தலைப்பாகைதான் முதல். நான் கேட்காமல் விடும் ஒவ்வொரு முறையும், கேட்காமல் போவதுதான் வழக்கம் என்று இடித்தவருக்கும் கற்றுக்கொடுக்கிறேன்.

காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். பில்லையும் படங்களையும் இணைத்தேன். பன்னிரண்டு நாளில் கார்காரர் 1,640 ரூபாயைக் கொடுத்தார், மன்னிப்பும் கேட்டார்.

பணத்தோடு கடைக்குப் போனபோது சுவரில் தொங்கிய சைக்கிளைக் கீழே இறக்கச் சொன்னேன். பிரேமில், சீட்டுக்குக் கீழே, சாக்பீஸால் எழுதிய ஒரு கார் எண் இருந்தது. அன்று யாரோ எழுதி வைத்தது. பாதி அழிந்திருந்தாலும் படிக்க முடிந்தது. பால்காரருக்கு ஆள் அனுப்பினோம். மாலையில் வந்தார். கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: முன்சக்கரம் ஒன்று, போர்க் ஒன்று, நசுங்கிய கேன் இரண்டு. சற்று யோசித்து, "கொட்டிய பாலையும் எழுதலாமா?" என்று கேட்டார்.

எழுதினேன். எத்தனை லிட்டர் என்று கேட்டு எழுதினேன்.