மணிக்கட்டில் ஒரு காப்பு

தமிழில் காப்பு என்றால் வளையல். காப்பு என்றால் பாதுகாப்பு. மாரியம்மன் திருவிழாவுக்குக் கட்டுகிற மஞ்சள் கயிறும் காப்புதான். அதைக் கட்டிக்கொண்டவர் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு ஏழாம் மாதம் போடுவது வளைகாப்பு. பெண்ணின் மணிக்கட்டில் எதையாவது மாட்டிவிட்டால் அவள் பத்திரமாக இருப்பாள் என்ற நம்பிக்கை நம் மொழியிலேயே ஊறியிருக்கிறது. அதன் பக்கத்திலேயே இன்னொரு சொல் உண்டு: காவல். விளைந்த வயலுக்குக் காவல் போடுகிறோம். குற்றம் சாட்டப்பட்டவரையும் காவலில்தான் வைக்கிறோம். காக்கப்படுகிறவருக்கும் அடைக்கப்படுகிறவருக்கும் ஒரே சொல் போதுமானதாக இருந்திருக்கிறது.

இப்போது மணிக்கட்டுக்குப் புதிய காப்பு வந்திருக்கிறது. இதயத் துடிப்பை எண்ணும், தூக்கத்தை அளக்கும், மாதவிலக்கு நாளைக் கணிக்கும், கீழே விழுந்தால் கண்டுபிடிக்கும், பொத்தானை அழுத்தினால் ஆபத்து என்று செய்தி அனுப்பும். கடைக்காரர்கள் இதைப் பெண்களின் பாதுகாப்புக்கு என்று சொல்லி விற்கிறார்கள்.

தஞ்சாவூரில் கல்லூரிக்குப் போகிற என் அண்ணன் மகளுக்கு ஒன்று வாங்குவது என்று வீட்டில் பேச்சு. எங்கள் ஊர் குடமுருட்டிக் கரையில். அவள் திருவையாறு வந்து, பஸ் மாறி, நிறுத்தத்தில் இறங்கி, இரண்டு பக்கமும் வயலாக இருக்கிற சாலையில் முக்கால் கிலோமீட்டர் நடக்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் ஆறரை மணிக்கே கும்மிருட்டு. அண்ணனின் பயம் வீண்பயம் இல்லை. “நீதான் இதையெல்லாம் படிக்கிறவ. ஒரு மாசம் கட்டிப் பாத்துட்டு நல்லதா கெட்டதான்னு சொல்லு” என்று, தெரிந்தவரிடம் இரவல் வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். கட்டிப் பார்த்தேன். யாருக்கு நல்லது என்று கேட்காமல் அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

முதலில் உடம்பு. எங்கள் தெருவில் தனியாக இருக்கும் பெரியம்மாவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. மகன் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறார். போன பொங்கலுக்கு வந்தபோது அம்மா கையில் ஒரு வாட்ச்சைக் கட்டிவிட்டுப் போனார். குறுவை நடவு நடந்துகொண்டிருந்த ஒரு நாள் சாயங்காலம் அவர் போன் செய்து, “ஏம்மா, இன்னிக்கு நானூறு அடிதான் நடந்திருக்க, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். அன்று காலை ஆறு மணியிலிருந்து முழங்கால் சேற்றில் குனிந்தபடி நின்றவர் பெரியம்மா. நடவு நடுகிறவள் இடது கையில் நாற்றுமுடியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஊன்றி, பின்னோக்கி நகர்கிறாள். இடது கை ஏறக்குறைய அசைவதில்லை. இந்தக் கடிகாரமோ கை வீசி நடக்கிறவரின் அசைவை வைத்து அடிகளை எண்ணுகிறது. பூங்காவில் நடக்கிறவரின் உழைப்பு அதற்குப் புரியும், நடவு புரியாது.

இன்னொரு சங்கடம். அவர் இடது மணிக்கட்டில் சின்ன வயதில் குத்திய பச்சை இருக்கிறது. கடிகாரத்தின் அடிப்பக்கம் தோலுக்குள் பச்சை ஒளியை அனுப்பி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு துடிப்பைக் கணக்கிடுகிறது. பச்சை குத்திய மை அந்த ஒளியை விழுங்கிவிடும். கட்டியிருக்கும்போதே கழற்றிவிட்டதாகக் கடிகாரம் சொன்னது. வலது கைக்கு மாற்றிக் கட்டினோம். தோலின் நிறத்துக்கும் இதில் பங்குண்டு. விரல்நுனியில் மாட்டி ரத்த ஆக்ஸிஜன் பார்க்கும் மருத்துவமனைக் கருவியைப் பற்றி மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆக்ஸிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருப்பதை அந்தக் கருவி தவறவிடுவது, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. யாருடைய உடம்பை நடுவில் வைத்துக் கருவி செய்யப்பட்டது என்பது அதன் எண்களுக்குள் ஒளிந்திருக்கிறது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த ஆக்ஸிஜன் எண்தான். என் அண்ணன் மகள் கட்டிப் பார்த்தபோது 98 என்று காட்டியது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் மாடிப்படி ஏறினாலே அவளுக்கு மூச்சு வாங்குகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் ஒன்பதுக்குக் கீழே. பன்னிரண்டுக்குக் குறைந்தாலே ரத்தசோகை. இரண்டு எண்ணும் சரியானவைதான். களத்திலிருந்து நெல் ஏற்றிப் போகும் வண்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டிகள் நிறைந்திருக்கின்றனவா என்று மட்டுமே கடிகாரம் பார்க்கிறது. எத்தனை வண்டி போகிறது என்று பார்ப்பதில்லை. பத்து வண்டி போக வேண்டிய இடத்தில் ஏழு போனாலும், ஏழும் நிறைந்திருந்தால் அதன் கணக்கில் குறையே இல்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இங்கே பாதிக்கு மேற்பட்ட பெண்களின் நோயைக் காணாத ஒரு எண், அவர்கள் நலமாக இருப்பதாக வீட்டுக்கு உறுதி சொல்கிறது. கடைசியாகச் சாப்பிட உட்காருகிறவள் யார், கறியும் முட்டையும் யார் தட்டில் முதலில் விழுகிறது என்ற கேள்விகளை அந்த 98 மூடிவிடுகிறது.

கடிகாரம் எதற்கும் உதவாது என்று சொல்ல வரவில்லை. ஒரு நாள் பெரியம்மா கொல்லையில் துவைக்கிற கல்லருகே வழுக்கி விழுந்தார். கடிகாரம் அதைக் கண்டுபிடித்துச் சிங்கப்பூருக்குச் செய்தி அனுப்பியது. அவர் மகன் என்னை அழைத்தார், நான் ஓடினேன். இடுப்பில் அடி, எலும்பு முறிவு இல்லை. அந்தக் கடிகாரம் இல்லாவிட்டால் பால்காரர் வரும்வரை அவர் ஈரத்தில் கிடந்திருப்பார். செய்தி சொன்னது கடிகாரம். தூக்கிவிட்டது பக்கத்து வீடு. இரண்டுமே தேவைப்பட்டன. பெரியம்மாவே சொன்னார்: “விழுந்தா சொல்லட்டும். நான் எத்தினி மணிக்குத் தூங்குறேன்னு அவனுக்கு எதுக்கு?”

அந்தக் கேள்வியிலேயே முழு விஷயமும் இருக்கிறது. அவர் ஒன்றை ஏற்கிறார், ஒன்றை மறுக்கிறார். தொழில்நுட்பம் இரண்டையும் ஒரே பட்டையில் கட்டிக் கொடுக்கிறது.

அடுத்தது ஆபத்துப் பொத்தான். முதல்முறை இயக்கும்போது கடிகாரம் கேட்கும் கேள்வி, யாருக்குத் தகவல் போக வேண்டும் என்பது. எங்கள் வீட்டில் யாரும் யோசிக்கவே இல்லை: அப்பா, பிறகு அண்ணன். கல்யாணமானால் கணவன். ஆனால் அதே குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பாலியல் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் சொல்கின்றன. கடிகாரம் எதிரியை வெளியே, வயலோரச் சாலையில், முகம் தெரியாதவனாகக் கற்பனை செய்துகொள்கிறது. ஆபத்து வீட்டுக்குள் இருந்தால் பொத்தானை அழுத்துகிறவளின் செய்தி ஆபத்தின் சட்டைப்பைக்கே போய்ச் சேரும்.

2017 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் கைப்பேசிகளில் ஆபத்துப் பொத்தான் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. சாதாரண போனில் 5 அல்லது 9ஐ நீண்ட நேரம் அழுத்த வேண்டும். ஸ்மார்ட்போனில் பவர் பொத்தானை மூன்று முறை அழுத்த வேண்டும். நான் கேட்ட பெண்கள் ஒருவருக்கும் இது தெரியவில்லை. பெண்களுக்கான 181 உதவி எண்ணும் தமிழ்நாடு காவல்துறையின் காவல் உதவி செயலியும்கூடச் சிலருக்குத்தான் தெரிந்திருந்தன. பணம் கொடுத்து வாங்கும் பாதுகாப்பைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், ஏற்கெனவே நமக்கு உரிமையாக இருப்பதைப் பற்றிப் பேசுவதில்லை.

அண்ணன் கேட்ட கடிகாரத்தின் கணக்கு அவர் போனில் அவர் பெயரில் திறக்கப்படும். மகள் எங்கே நிற்கிறாள், எப்போது தூங்கினாள், எப்போது மாதவிலக்கு வந்தது எல்லாம் அவர் திரையில் தெரியும். 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை நீக்கியபோது, அங்கே பல பெண்கள் மாதவிலக்குச் செயலிகளைத் தங்கள் போனிலிருந்து அழித்தார்கள். அவர்கள் அஞ்சியது அரசாங்கத்தை. இந்தியாவில் 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நிறுவனங்கள் சம்மதம் பெற வேண்டும் என்று சொல்லும் அந்தச் சட்டம், ஒருவர் வீட்டு உபயோகத்துக்காகப் பயன்படுத்தும் தரவுக்குப் பொருந்தாது. நிறுவனம் கேட்டாக வேண்டும். அப்பா கேட்க வேண்டியதில்லை.

கையில் கட்டிவிட்டுக் கண்காணிப்பது வீட்டோடு முடிகிற பழக்கமும் இல்லை. நாக்பூரிலும் பிறகு சண்டிகரிலும் பஞ்ச்குலாவிலும் மாநகராட்சிகள் துப்புரவுத் தொழிலாளர்களின் கையில் ஜி.பி.எஸ். கடிகாரம் கட்டின. கட்டுப்பாட்டு அறைத் திரையில் மனிதர்கள் புள்ளிகளாக நகர்ந்தார்கள். கழிப்பறைக்குப் போகும்போதும் யாரோ பார்ப்பதாக, கேட்பதாகப் பெண் தொழிலாளர்கள் அஞ்சினார்கள். சண்டிகரில் 2020இல் போராட்டம் நடந்தது. நம் ஊரில் நூறு நாள் வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2023 ஜனவரி முதல் அவர்கள் செயலியில் ஒரு நாளைக்கு இரண்டு முறை புகைப்படம் எடுக்கப்பட்டால்தான் வந்ததாகக் கணக்கு என்று ஆக்கினார்கள். நகரத்து வசதிக்காரிக்கு அன்பளிப்பாக வருவது, கூலிக்காரிக்கு மேஸ்திரியாக வருகிறது.

பாதுகாப்பு என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் வேறொரு வரலாறு உண்டு. சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த தஞ்சைப் பண்ணைகளில், 1940களில் செங்கொடியின் கீழ் பண்ணையாட்கள் சேர்ந்தார்கள். கிராப்பு வெட்டி, வேட்டியும் சட்டையும் அணிந்து, ஊர் ஊராகப் போய் அவர்களைத் திரட்டியவர்களில் மணலூர் மணியம்மாளும் ஒருவர். அந்தப் போராட்டத்தின் விளைவாக 1952இல் வந்த சட்டத்தின் பெயர் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். மிராசுதார் நினைத்த மாத்திரத்தில் ஆளை வெளியேற்ற முடியாது என்றது அது. அந்தப் பாதுகாப்பை உழைக்கிறவர்கள் கேட்டு வாங்கினார்கள். அது கட்டுப்படுத்தியது மிராசுதாரின் கையை. இன்றைய பாதுகாப்பு, ஆபத்துக்கு உள்ளாகிறவளின் கையைத் தேடி வந்து கட்டுகிறது.

பெண்ணைச் சிறைவைத்துக் காப்பதால் என்ன பயன் என்று வள்ளுவரும் கேட்டார். பிறகு அந்தக் காவலை அவளுடைய கற்பிடமே ஒப்படைத்துவிட்டார். பூட்டு வெளியிலிருந்து உள்ளே போனது, அவ்வளவுதான். இப்போது அது மறுபடி வெளியே வந்து மணிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறது. காவல் கொல்லவும் செய்யும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தபோது, பட்டுக்கோட்டைப் பகுதியில் பூப்பெய்தியதற்காக வீட்டை விட்டுத் தனியே குடிசையில் இருத்தப்பட்ட ஒரு சிறுமி, தென்னை மரம் விழுந்து இறந்தாள். அன்று டவர்கள் சாய்ந்தன, பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. எந்தக் கடிகாரமும் யாருக்கும் செய்தி அனுப்பியிருக்காது. அவளைக் காப்பாற்றியிருக்கக் கூடியது, வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்து படு என்று சொல்லும் ஒரு குரல் மட்டும்தான்.

ஒரு மாதம் முடிந்து நான் அண்ணனிடம் மூன்று கேள்விகளைச் சொன்னேன். செய்தி முதலில் யாருக்குப் போகிறது, அவளுக்கா உங்களுக்கா? யாருக்குப் போக வேண்டும் என்பதை அவளே முடிவு செய்ய முடியுமா? அவள் ஒரு நாள் அதைக் கழற்றி வைத்தால், ஏன் கழற்றினாய் என்று யாராவது கேட்பீர்களா? மூன்றாவதுதான் முக்கியம். கழற்ற முடிந்தால் அது நகை, கருவி, உதவி. கழற்றியதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தால் அது விலங்கு, எவ்வளவு அன்போடு பூட்டியிருந்தாலும். கூடவே, பஸ் நிறுத்தத்திலிருந்து ஊர்வரை தெருவிளக்கு போடச் சொல்லி ஊராட்சிக்கு எழுதிய மனுவையும் நீட்டினேன். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகுதான் எங்கள் தெருப் பெண்கள் பலர் தனியாகத் தஞ்சாவூர் போகத் தொடங்கினார்கள். அவர்கள் துணிவுக்கு அந்த பஸ் செய்ததை எந்தக் கடிகாரமும் செய்ததில்லை.

அண்ணன் மகள் தன் பட்டியலைத் தானே எழுதினாள்: 181, கூடப் படிக்கும் தோழி, நான், நான்காவதாக அப்பா. இருக்கும் இடம், அவள் பொத்தானை அழுத்தினால் மட்டும் தெரிய வேண்டும். கணக்கு அவள் பெயரில் அவள் போனில். அண்ணன் பட்டியலை இரண்டு முறை படித்தார்.

“அப்ப இவ எங்க இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“நான் சொன்னா தெரியும்பா” என்றாள் அவள்.

அவர் மனுவில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு மடை பார்க்கப் போய்விட்டார். கடிகாரம் இன்னும் வாங்கவில்லை. இரும்புச்சத்து மாத்திரையை அவள் தினமும் சாப்பிடுகிறாள். பட்டியல் அலமாரியில் இருக்கிறது.