சின்னம் என்னும் சொல்லும் சிவசின்னமும்



எம்பெருமானின் திருவருளால் ஆலயத் திருவிழாக் கண்டு மகிழும் இவ்வேளையில், நாம் நாளாந்தம் வழங்கும் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். அதுதான் 'சின்னம்'. பாடசாலைப் பிள்ளையின் சட்டையிலே சின்னம், வாக்குச்சீட்டிலே சின்னம், காவற்றுறையினரின் தொப்பியிலே சின்னம். சைவராகிய எமக்கும் சின்னம் உண்டு.

'சிஹ்ன' என்னும் வடசொல்லே தமிழில் சின்னம் என்றாயிற்று. அடையாளம் என்பது அதன் பொருள். சிறியது என்று பொருள்படும் 'சின்ன' வேறு. 'சின்னாபின்னம்' என்பதில் வரும் சின்னம் வேறு. அடையாளத்தைக் குறிக்கத் தமிழில் 'பொறி' என்ற அழகிய சொல்லும் உண்டு. சோழரின் புலிப்பொறி, சேரரின் விற்பொறி, பாண்டியரின் கயற்பொறி என்பவற்றை நாம் அறிவோம். சுவாமி எழுந்தருளும்போது முன்னே ஊதப்படும் எக்காளத்துக்கும் திருச்சின்னம் என்றே பெயர். திருஞானசம்பந்தப் பிள்ளையார் கால்நோவ நடந்து வருவதைப் பொறாத பெருமான், திருநெல்வாயில் அரத்துறையிலே அவருக்கு முத்துச் சிவிகையும் முத்துக் குடையும் முத்துச் சின்னமும் அருளினார். கண்ணுக்குத் தெரிவதாயினும் காதுக்குக் கேட்பதாயினும், 'இன்னார் வருகிறார்' என்று அறிவிப்பதே சின்னத்தின் வேலை.

திருகோணமலைக் கோட்டை வாயிலைக் கடந்து கோணேசப் பெருமானைத் தரிசிக்கச் செல்லும் அடியார்கள், அவ்வாயிற் கல்லிலே மீன் செதுக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது பாண்டியரின் இணைக்கயல். 13ஆம் நூற்றாண்டில் ஈழத்தின் மேற் படையெடுத்து வந்த வீரபாண்டியன் கோணமலையிலே கயற்பொறி பொறித்தான் என்று தமிழ்நாட்டுக் குடுமியான்மலைக் கல்வெட்டுக் கூறுகின்றது. 17ஆம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினர். இன்று பாண்டியரும் இல்லை, போர்த்துக்கேயரும் இல்லை. கல்லிலே மீன் மட்டும் இருக்கின்றது. சின்னம் நிலைத்தது, சின்னத்துக்கு உரியவர் போய்விட்டனர்.

எமது திருநீறோ இதற்கு நேர்மாறானது. வியர்த்தால் கரையும்; குளித்தால் போய்விடும். ஆனால் அதற்கு உரியவன் என்றும் அழியாதவன். அதனாலன்றோ நாம் அதை நாள்தோறும் புதிதாக அணிகின்றோம்! 'நான் உன் உடைமை' என்று காலையும் மாலையும் சொல்லிக்கொள்வதே திருநீறு அணிதலாகும்.

இதனை உயிர் கொடுத்து உணர்த்தியவர் திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனார். போரிலே அவரை வெல்லமாட்டாத முத்தநாதன், உடலெங்கும் திருநீறு பூசி, புத்தகக் கட்டிலே கத்தியை ஒளித்து வந்து, வணங்கிய மன்னரைக் குத்தினான். மெய்காப்பாளன் தத்தன் வாளோடு பாய்ந்தபோது, குருதி பெருகச் சாயும் நிலையிலும் மன்னர் அவனைத் தடுத்து, 'இவர் நம்மவர், தீங்கு வராமல் ஊரெல்லை கடத்திவிடு' என்றார். தத்தன் திரும்பி வந்து அவ்வாறே செய்தேன் என்று சொன்ன பின்னரே அவர் சிவனடி சேர்ந்தார்.

அன்பர்களே, இவ்வரலாற்றிலே இருவர் முன்னிலையில் ஒரே திருநீறுதான். ஒருவருக்கு அது சிவம், மற்றவனுக்கு வேடம். நாம் இவ்விருவரில் யாரைப் போல அணிகின்றோம்? நெற்றியிலே மூன்று குறி இட்டுக்கொண்டு நிறுவையிலே குறைப்பதும், எல்லை வேலியை நகர்த்துவதும், கோள் சொல்வதும் புத்தகக் கட்டிலே கத்தி வைப்பதையே ஒக்கும்.

2006ஆம் ஆண்டிலே எமது ஊர் முழுவதும் இடம்பெயர்ந்து, வாகரை வழியாக மட்டக்களப்பு முகாம்களைச் சென்றடைந்ததை நாம் மறக்க முடியாது. எங்கள் கூடாரத்துக்கு அயலில் ஓர் ஆச்சி இருந்தார். உடுத்த துணியோடு வந்தவர் ஒரு பால்மாப் பேணியைக் கைவிடாமற் கொண்டுவந்திருந்தார். அதனுள் திருநீறு. காலையிலே குழாயடியில் முகம் கழுவி வரும் பிள்ளைகளை மறித்து நெற்றியில் பூசிவிடுவார். "ஏன் ஆச்சி, அடையாள அட்டையை விட்டுட்டு இதையா எடுத்தீங்க?" என்று ஒருவர் கேட்டார். "அட்டை துலைஞ்சா ஜீ.எஸ். ஐயா எழுதித் தருவார். புள்ளையளுக்கு இந்தப் பழக்கம் துலைஞ்சா ஆரிட்டப் போய்க் கேக்கிற?" என்றார் ஆச்சி.

முகாமிலே நாம் எல்லோரும் ஓர் இலக்கமாக இருந்தோம். நிவாரண வரிசையிலே எமக்கு ஊரும் இல்லை, காணியும் இல்லை. ஆயினும் நாம் யாருடையவர் என்பதை அந்தப் பேணி நாள்தோறும் எமக்குச் சொல்லிற்று. மீண்டும் ஊர் வந்து விளக்கேற்றிய நாளிலும் அதே நெற்றிகளோடுதான் நின்றோம்.

ஆகவே, நாளை காலை கண்ணாடி முன் திருநீறு அணியும்போது ஒரு கணம் நில்லுங்கள். அணிந்த சின்னத்துக்கு இன்று நாம் உரியவராய் நடப்போமா என்று கேளுங்கள். உங்கள் பிள்ளையின் நெற்றியிலும் உங்கள் கையாலேயே பூசிவிடுங்கள்.

திருச்சிற்றம்பலம்.